வடிகட்டும் பள்ளம் வேறு, சாப்பிடும் கரை வேறு

வீட்டைச் சுற்றி விழும் மழையைத் தோட்டத்தில் வெட்டிய ஒரு பள்ளத்துக்குள் திருப்பி, அங்கேயே வடிகட்டி நிலத்துக்குள் இறக்கலாம், அதே இடத்தில் காயும் பழமும் விளைவிக்கலாம் என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. நானும் அந்த ஆசையில்தான் இறங்கினேன். மண்வெட்டியை எடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. மண் தண்ணீரை வடிகட்டுகிறது, சரி. வடிகட்டிய அழுக்கு எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை. அந்த மண்ணிலேயே தங்குகிறது. எண்ணெய்ப் பிசுக்கில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். ஈயம், துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்கள் சிதையவே சிதையாது. மூடாக்கிலும் (மண்ணை மூடிப் போடும் சருகு, மரத்துண்டு) மேல்மண்ணின் முதல் சில அங்குலத்திலும் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அங்கே ஒரு கீரைப்பாத்தி போட்டால் வடிகட்டியில் சிக்கிய கசடின் மேலேயே கீரை வளர்க்கிறோம் என்று அர்த்தம்.

எங்கள் தோட்டத்தின் வரைபடம் முழுக்க இந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான். எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதன் அழுக்கு எங்கே படியும், அந்த இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நாம் சாப்பிடும் செடி நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தோம். செடிகளின் பட்டியல் கடைசியில்தான் வந்தது. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: நர்சரியில் கன்றுகளை வாங்கி அடுக்கிவிட்டு, பிறகு தண்ணீரைத் தேடுகிறார்கள்.

ஒரே மழை, நாலு தண்ணீர்

மழை பெய்யும்போது குடையோடு வெளியே நின்று பார்க்காமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் கட்சி. வெயில் நாளில் பார்த்தால் எல்லா மனையும் சமதளம்தான். கொட்டும் மழையில் பார்த்தால் நாம் நினைத்ததற்கு நேர் எதிர்த்திசையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். நான் குச்சிகளில் கலர்த் துணி கட்டி, ஓட்டம் தொடங்கும் இடம், திரும்பும் இடம், தேங்கும் இடம் என்று நட்டுக்கொண்டே போனேன். மழை விட்டபின் அந்தக் குச்சிகளைக் கயிற்றால் இணைத்தால் வரைபடம் தரையிலேயே தயாராக இருந்தது.

எங்கள் மனையில் நாலு விதமான தண்ணீர் ஓடுகிறது. மொட்டைமாடிக் கான்கிரீட்டில் விழுந்து குழாய் வழியாக இறங்குவது ஒன்று. பின்பக்கத் தகரக் கொட்டகையிலிருந்து வடிவது இன்னொன்று. பக்கவாட்டு சிமெண்ட் முற்றத்தில் ஓடுவது மூன்றாவது. நாலாவது, வண்டி நிறுத்தும் தளத்தில் ஓடும் தண்ணீர்; மழை வலுத்தால் தெருத் தண்ணீரும் வாசல் வழியாக உள்ளே வந்து அதோடு சேர்ந்துகொள்ளும்.

மாடித் தண்ணீரில் தூசி, இலைச் சருகு, பறவை எச்சம் இருக்கும். எச்சத்தில் சால்மோனெல்லா, ஈ. கோலை போன்ற கிருமிகள் இருக்கலாம். ஆனாலும் உலோகப் பயம் குறைவு. தகரத்திலிருந்து வடியும் தண்ணீர் அப்படியல்ல. துத்தநாகம் பூசிய தகடு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் துத்தநாகத்தை விடுகிறது. பழைய பெயின்ட் உரிந்துகொண்டிருந்தால் ஈயமும் சேரலாம். தார்ப்பூச்சு அடித்த கூரை, ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, செம்புத் தகட்டு வடிகால் உள்ளவர்கள் அந்தத் தண்ணீரை உணவுச் செடிப் பக்கம் திருப்பாமல் இருப்பதே நல்லது. வண்டித் தளத்தில் எல்லாமே உண்டு: என்ஜின் எண்ணெய், டயர் தேய்ந்த பொடி, அதிலிருக்கும் துத்தநாகம், பிரேக் கட்டையிலிருந்து உதிரும் செம்பு.

ஆகவே நாலு தண்ணீரையும் ஒரே பள்ளத்தில் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தோம். மாடித் தண்ணீருக்கு ஒரு பெரிய பள்ளம், வண்டித் தளத்துத் தண்ணீருக்குத் தனியாக ஒரு நீள வாய்க்கால். தகரத் தண்ணீர் அந்த வாய்க்காலில் சேர்ந்துகொள்ளும். முற்றத்துத் தண்ணீர் வாழைக்கு.

எவ்வளவு வரும், எவ்வளவு இறங்கும்

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 1000 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். 25 மி.மீ. மழைக்கு 2,300 லிட்டர் வருகிறது. தெறித்தது, உறிஞ்சியது, ஆவியானது என்று பத்து சதவீதம் கழித்தாலும் இரண்டாயிரத்துக்கு மேல் கையில் நிற்கும். ஒரே ஒரு சுமாரான மழைக்கு இவ்வளவு! பீப்பாய் வைத்துச் சேமிப்போம் என்பவர்கள் இந்த எண்ணை ஒரு முறை எழுதிப் பார்க்க வேண்டும். 200 லிட்டர் பீப்பாய் சில நிமிடத்தில் நிரம்பி வழிந்துவிடும். மண்தான் பெரிய தொட்டி.

அந்தத் தொட்டி எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி முழுக்க இறங்கவிட வேண்டும். மண் நனைந்தபின் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அளவு குறித்து, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். முதல் முறை ஊற்றும் தண்ணீரை நம்பக் கூடாது. காய்ந்த மண் எல்லாவற்றையும் குடிக்கும். மணிக்கு ஒன்றேகால் சென்டிமீட்டராவது இறங்கினால் பள்ளம் வெட்டலாம். இரண்டரை சென்டிமீட்டர் இறங்கினால் கவலையே இல்லை. ஒன்றேகாலுக்கும் கீழே போனால் பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்துப் பரப்பைக் கூட்ட வேண்டும், அல்லது இடத்தை மாற்ற வேண்டும்.

எங்கள் மனைக்குள்ளேயே முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறாக இருந்தன. முன்பக்கம் வீடு கட்டும்போது கொட்டிய மண், லாரி ஏறி இறங்கி இறுகிப்போனது. பின்பக்கம் பழைய செம்மண், குடிக்கிற வேகமே தனி. பெரிய பள்ளம் பின்பக்கம் போனதற்கு இதுதான் காரணம். வாசலில் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று வீட்டில் ஒரு தரப்பு வாதாடியது. மண் ஒத்துக்கொள்ளவில்லை.

களிமண் உள்ளவர்கள் மணலைக் கலந்து சரிசெய்துவிடலாம் என்று நினைப்பதுண்டு. களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் காய்ந்தபின் செங்கல் மாதிரி இறுகும். கலப்பதென்றால் பாதிக்கு மேல் மணலாக, புதிய மண்ணாகவே போட வேண்டும். அதற்கு வசதியில்லை என்றால் மூடாக்கு போட்டு, ஆழ வேர்விடும் புல்லை நட்டுக் காத்திருப்பது மேல். வேர் இறங்கிய தடமும் மண்புழு போன தடமும் களிமண்ணைத் திறந்துவிடும். அதற்குச் சில பருவங்கள் ஆகும்.

அளவைப் பொறுத்தவரை, அரையடி ஆழத்தில் 15 சதுர மீட்டர் பள்ளம் ஒரே நேரத்தில் 2,250 லிட்டர் பிடிக்கும். மணிக்கு இரண்டரை சென்டிமீட்டர் இறங்கும் மண்ணில் அது மழை பெய்துகொண்டிருக்கும்போதே மணிக்கு 375 லிட்டரை உள்ளே விடுகிறது. நிரம்பி நின்றாலும் ஆறு மணி நேரத்தில் காலி. இவ்வளவு இடம் இல்லாதவர்கள் பாதி மாடியை மட்டும் திருப்பினால் போதும். மீதிப் பாதி பழைய வழியிலேயே போகட்டும்.

இடம் தேர்வில் சில விஷயங்களுக்கு விதிவிலக்கு கிடையாது. வீட்டு அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும். செப்டிக் டேங்கின் மேலோ அதன் அருகிலோ கூடாது. ஏற்கெனவே நிற்கும் பெரிய மரத்தின் வேரை வெட்டிப் பள்ளம் தோண்டக் கூடாது. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வெட்டினால் தண்ணீரோடு சண்டையும் சேர்ந்து ஊறும்.

வண்டல் குழி, பள்ளம், கலங்கல்

பள்ளம் வெட்ட வந்த மேஸ்திரி என் காகித வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள வர்ற வழி போட்டிருக்க, நிரம்பினா வெளிய போற வழி எங்கம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். வெளியேறும் வழியும் வரைந்திருந்தேன், பின்பக்கத்துத் தாளில். அதைப் பார்த்தபிறகுதான் கடப்பாரையை எடுத்தார். ஏரிக்குக் கலங்கல் எப்படியோ அப்படி இந்தப் பள்ளத்துக்கும் ஒரு வழிவு வேண்டும். கரையின் ஒரு இடத்தில் இரண்டு அங்குலம் தாழ்த்தி, கல் பாவி, நிரம்பும் தண்ணீர் அங்கே மட்டும் வழிகிற மாதிரி வைத்தோம். வழிந்தது அடுத்த பாத்திக்குப் போகும். அதுவும் நிரம்பினால் வடிகாலுக்கு. கலங்கல் இல்லாத பள்ளம் பெருமழையில் தானே ஒரு வழியை உடைத்துக்கொள்ளும். அந்த வழி நமக்குப் பிடித்த வழியாக இருக்காது.

மட்டம் பார்க்க டியூப் லெவலைவிட மலிவான, துல்லியமான கருவி இல்லை. தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், இரண்டு ஆள், அவ்வளவுதான். பள்ளத்தின் அடி சமமாக இருக்க வேண்டும். அடி சாய்ந்திருந்தால் தண்ணீர் ஒரு மூலையில் மட்டும் நிற்கும், மற்ற இடம் வேலை செய்யாது. கரையும் கலங்கலைத் தவிர எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். குழாயிலிருந்து பள்ளத்துக்கு வரும் சிறு வாய்க்காலுக்கு நூறு அடிக்கு ஓரடி முதல் இரண்டடி வரை வாட்டம் போதும். அதற்கு மேல் போனால் மண்ணை அரித்துக்கொண்டு வரும்.

மொத்த அமைப்பிலும் எனக்கு மிகப் பிடித்தது தண்ணீர் உள்ளே நுழையும் இடத்திலிருக்கும் வண்டல் குழிதான். பெரிய பக்கெட் அளவில் ஒரு சின்னப் பள்ளம். அடியில் கல், அதன் விளிம்பில் அடுக்கிய சரளை. வேகமாக வரும் தண்ணீர் இங்கே மோதி வேகம் குறைந்து, மணலையும் சருகையும் கீழே போட்டுவிட்டு மெதுவாகப் பெரிய பள்ளத்துக்குள் ஏறுகிறது. அழுக்கில் கணிசமான பங்கு மண்துகளோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. ஆகவே அதை ஒரே இடத்தில் படிய வைத்து மண்வெட்டியால் அள்ளிவிட முடிந்தால், வடிகட்டும் வேலையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். இந்தக் குழி இல்லாவிட்டால் அதே வண்டல் பள்ளம் முழுக்கப் பரவி, மண்ணின் துளைகளை அடைத்து, மெல்ல மெல்லத் தண்ணீர் இறங்காத குட்டையாக்கிவிடும்.

இந்த மாதிரிப் பள்ளங்களை மழைத் தோட்டம் என்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் 1990 வாக்கில் வீட்டுக்கு வீடு இதைச் செய்து பார்த்தபிறகுதான் அந்தப் பெயர் பரவியது. பள்ளம் வெட்டி மழையை நிலத்துக்குள் விடுவது அதைவிட எவ்வளவோ பழையது. ஜிம்பாப்வேயில் செபனாயா பிரி மசேகோ என்ற விவசாயி, தன் நிலத்துக்கு மேலிருந்த வழுக்குப் பாறையிலிருந்து பாய்ந்து வரும் மழையைச் சின்னச் சின்னக் கல்தடுப்புகளாலும் குழிகளாலும் நிறுத்தி நிறுத்தி, வறண்ட பூமியில் பழத்தோட்டமே வளர்த்தார். 2015இல் மறைந்தார். மேட்டிலிருந்து தொடங்கு, ஓடுவதை நடக்க வை, நடப்பதை நிற்க வை என்பதுதான் அவர் நிலத்தில் தெரியும் முறை. ஒரு மனைக்கட்டிலும் அது பொருந்துகிறது.

எந்தச் செடி எங்கே

மழைத் தோட்டத்துக்கு நீர்ச்செடிகளாகத் தேடுபவர்கள் உண்டு. யோசித்துப் பாருங்கள்: பள்ளத்தில் தண்ணீர் நிற்பது மழை நாளில் சில மணி நேரம். மற்ற நாளெல்லாம் அது காய்ந்த பள்ளம்தான். அடியில் நடும் செடி ஒரு நாள் கழுத்தளவு தண்ணீரையும் அடுத்த மாதம் வெடித்த மண்ணையும் தாங்க வேண்டும். தாமரையும் அல்லியும் அங்கே பிழைக்காது.

மாடித் தண்ணீர்ப் பள்ளத்தின் அடியில் எங்களிடம் சேம்பும் கல்வாழையும் நிற்கின்றன. சேம்பு தண்ணீரில் கொண்டாட்டமாக வளரும். வறண்டால் இலையைக் கருகவிட்டுக் கிழங்கில் ஒளிந்துகொள்ளும். அடுத்த மழைக்கு எழுந்துவிடும். கல்வாழையைப் பூவுக்காக வளர்க்கிறோம் என்றாலும் அதன் கிழங்கு ஆண்டீஸ் மலை மக்களுக்குப் பல நூற்றாண்டு உணவு. இரண்டின் வேரும் கிழங்கும் மண்ணைத் திறந்து வைப்பதால் தண்ணீர் இறங்கும் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. அடியில் விளையும் கிழங்கைச் சாப்பிடலாமா என்றால், மாடித் தண்ணீரில் முக்கியக் கவலை கிருமிதான். தோலைச் சீவி நன்றாக வேகவைத்தால் அது தீர்ந்தது. சேம்பைப் பச்சையாக யாரும் சாப்பிடவும் முடியாது, நாக்கு அரிக்கும். தகரத் தண்ணீரோ தெருத் தண்ணீரோ கலந்த பள்ளம் என்றால் இந்தக் கிழங்கைத் தொடவே மாட்டேன்.

சரிவில் எலுமிச்சைப்புல். அடர்ந்த வேர், மண்ணை அரிக்க விடாது, ஆடு மாடும் அவ்வளவாகக் கடிக்காது. சரிவின் மேல்பாதியில் கொய்யா. சில நாள் வேரில் ஈரம் நின்றாலும் தாங்கும் பழமரங்களில் அது ஒன்று. இடம் பெரிதாக இருந்தால் நாவல் வைக்கலாம்; வெள்ளத்தைத் தாங்குவதில் நாவலுக்குக் கொய்யா ஈடாகாது. சின்ன மனையில் நாவல் வீட்டையே விழுங்கிவிடும்.

கரைமேல்தான் உண்மையான தோட்டம். பள்ளத்தில் தோண்டிய மண்ணையெல்லாம் கரையாகக் குவித்ததில் அடியைவிட இரண்டடி உயரம் கிடைத்தது. அங்கே முருங்கை, பப்பாளி, எலுமிச்சை, கறிவேப்பிலை, ஓரத்தில் மஞ்சளும் இஞ்சியும், மண்ணை மூடச் சர்க்கரைவள்ளிக் கொடி. இவை எல்லாமே ஈரத்தை விரும்புவன, தேக்கத்தை வெறுப்பன. கரையில் நின்றால் வேர் பக்கவாட்டில் கசியும் ஈரத்தைத் தேடிப் போகும், மூழ்காது. பப்பாளியின் விஷயத்தில் இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்த்தோம். பழத்திலிருந்து விழுந்த விதை ஒன்று பள்ளத்தின் அடியில் தானே முளைத்து, கரையிலிருந்த கன்றைவிட வேகமாகக் கொழுத்து நின்றது. தொடர்ந்து பெய்த ஒரு மழையில் மண்ணில் ஈரம் வடியாமல் நின்றது. இலை மஞ்சளாகி, தண்டு அடியில் அழுகி, சாய்ந்துவிட்டது. இரண்டடி மேலே நின்ற கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வாழையைத் தனியாக முற்றத்துத் தண்ணீரில் வைத்தோம். நடுவில் இடுப்பளவு அகலமாக ஒரு குழி, சுற்றிலும் வட்டமாக மேடு, மேட்டில் வாழைக்கன்றுகள். குழி நிறையச் சருகும் வெட்டிய கிளையும். ஓடி வரும் தண்ணீர் அந்தச் சருகுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. வாழை ஒரு மொடாக்குடியன். வட்டத்தில் வைத்தால் எல்லாம் ஒரே குழியிலிருந்து குடிக்கும். தார் வெட்டியபின் மட்டையையும் தண்டையும் நறுக்கி அதே குழியில் போட்டுவிடலாம்.

வாசல் பக்கம்

வண்டித் தளத்துத் தண்ணீரைத் தனியாகப் பிரித்ததை எங்கள் வீட்டில் அதிகமாகக் கேலி செய்தார்கள். "மண்ணுதான் வடிகட்டிடுமே, அதுலயும் நாலு தக்காளி வெச்சா என்னடி?" என்பது அம்மாவின் கேள்வி. அதற்கு நான் சொன்னது ஒரு மீன் கதை.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிட ஓடைக்கு வந்து, மழை பெய்ததும் முட்டையிடாமலே செத்துக்கொண்டிருந்தன. சாலையில் ஓடிய மழைநீர்தான் காரணம் என்று தெரிந்தது. அதே சாலைத் தண்ணீரை மணல், மட்கு, நறுக்கிய மரப்பட்டை கலந்த மண் வழியாக வடித்து விட்டபோது மீன்கள் பிழைத்தன. அந்தத் தண்ணீரில் எது கொல்கிறது என்பது 2020 டிசம்பரில் சைன்ஸ் இதழில் வந்தது: டயர் சீக்கிரம் விரிசல் விடாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள் ஓசோனோடு சேர்ந்து மாறி உருவாகும் நஞ்சு. ஆக, மண் வடிகட்டுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்து வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சத்துநீரில் வளர்த்த லெட்யூஸ் கீரைக்கு டயரில் இருக்கும் வேதிப்பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். வேர் உறிஞ்சி இலை வரை கொண்டுபோனது. மண்ணில் அதே அளவு ஏறுமா என்பது வேறு விஷயம். என் வீட்டுத் தட்டில் அந்தச் சோதனையை நடத்த எனக்கு விருப்பமில்லை. அம்மாவும் அதன்பின் தக்காளிப் பேச்சை எடுக்கவில்லை.

வாசல் வாய்க்காலில் வெட்டிவேர் மட்டும்தான். வாட்டத்துக்குக் குறுக்கே, நெருக்கமான வரிசைகளாக. அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் செங்குத்தாக மூன்று நான்கு மீட்டர் வரை இறங்கக்கூடியது. தண்டு வேலியாக நின்று தண்ணீரை நிறுத்தி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். 1980களில் உலக வங்கி மண்ணரிப்பைத் தடுக்க இந்தியாவில் இதைத்தான் பரப்பியது. உலோகம் ஏறிய மண்ணிலும் வாடாது, உறிஞ்சியதில் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொள்ளும். ஆகவே வாசல் பக்கத்து வெட்டிவேரைத் தோண்டித் தண்ணீர்ப் பானையில் போடக் கூடாது. இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வாய்க்கால் முடியும் இடத்தில், கலங்கலைத் தாண்டி மேட்டில், ஒரு மாதுளை. அவ்வளவுதான் அந்தப் பக்கத்து உணவு.

மாதுளை ஏன், கீரை ஏன் கூடாது என்பதற்கு ஒரு பொதுவான வரிசை உண்டு. உலோகம் பொதுவாக வேரில் அதிகமும் இலையில் அதற்கடுத்தும் பழத்தில் மிகக் குறைவாகவும் ஏறும். ஈயம் பழத்துக்குப் போவது அரிது. அதன் ஆபத்து பெரும்பாலும் இலையிலும் கிழங்கிலும் ஒட்டிவரும் மண்ணில்தான். காட்மியம் இலைக்குச் சுலபமாக ஏறும். அதனால் அழுக்குத் தண்ணீருக்கு அருகில் உயரத்தில் காய்க்கும் மரம், சுத்தமான தண்ணீருக்கு அருகில் கிழங்கு, கீரைக்குத் தனி இடம். மண்ணின் அமிலத்தன்மை குறைவாக, பி.எச். 6.5க்கு மேல் இருந்தால் ஈயமும் காட்மியமும் செடிக்கு எளிதில் கிடைக்காது. மட்கும் அவற்றைப் பிடித்து வைக்கும்.

கீரைக்கான தண்ணீர்

கீரையை எந்தப் பள்ளத்திலும் வைக்கவில்லை. உயர்த்திக் கட்டிய பாத்தியில், வேறு மண்ணில், பீப்பாய்த் தண்ணீரில் வளர்கிறது. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஈரப் பள்ளத்தைக் கண்டால் தானாகவே படரும். கை நீளத்தான் செய்யும், பறிப்பதில்லை.

பீப்பாய்க்குப் போகும் மாடித் தண்ணீரில் முதலில் வருவதைக் கழித்துவிட வேண்டும். கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது அரை லிட்டர். மரம் கவிந்த, பறவை அதிகமுள்ள கூரைக்கு இரண்டு லிட்டர் வரை. 93 சதுர மீட்டருக்கு அரை லிட்டர் என்றாலே 46 லிட்டருக்கு மேல். நாலு அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு எட்டு லிட்டர்தான் பிடிக்கும். அப்படியானால் ஆறு மீட்டர் குழாய் வேண்டும். ஆறு அங்குலக் குழாயில் இரண்டே முக்கால் மீட்டரில் முடிந்துவிடும். சுவரோரம் நிற்கும் ஓரடி ஒன்றரை அடிக் குழாயைக் காட்டி "முதல் மழைநீர் வடிகட்டி" என்று விற்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். குழாயின் அடியில் சொட்டுச் சொட்டாக வடிய ஒரு சிறு துளை அவசியம். இல்லையென்றால் அந்த அழுக்குத் தண்ணீர் அப்படியே நின்று அடுத்த மழைக்குப் பயன்படாது, கொசுவும் வளர்க்கும்.

கொசுவைப் பற்றித்தான் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பார்கள். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வெப்ப நாளில் ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். ஒரு நாளுக்குள் வற்றும் பள்ளத்தில் அது நடக்காது. மூடாத பீப்பாய், இலை அடைத்த கூரை வாய்க்கால், கவிழ்க்காத பூந்தொட்டித் தட்டு இவற்றில் நடக்கும். நான் பள்ளத்தைவிட இவற்றைத்தான் அதிகம் கவனிக்கிறேன்.

பீப்பாய்த் தண்ணீரைச் செடியின் தலையில் ஊற்றாமல் மண்ணில் விடுகிறோம். பச்சையாகச் சாப்பிடும் இலைக்கு மழைநீரே வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும்.

உரமும் பராமரிப்பும்

பள்ளத்தின் அடியில் உரம் போடுவதில்லை. மண்ணைத் தாண்டி இறங்கும் தண்ணீர் நைட்ரேட்டைக் கரைத்துக்கொண்டு நேராக நிலத்தடிக்குப் போய்விடும். மட்கிலிருந்தும் நைட்ரேட்டும் பாஸ்பரஸும் கசியும். புதிதாக மண் கலப்பவர்கள் "நல்லதுதானே" என்று மட்கைப் பாதிக்குப் பாதி போடுகிறார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்ய வெட்டிய பள்ளமே அழுக்கை விட ஆரம்பித்துவிடும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேவையில்லை. எரு, மண்புழு உரம் எல்லாம் கரைமேல், செடியின் தூரில் மட்டும்.

மூடாக்குக்கு இலைச் சருகு மட்டும் போட்டால் முதல் பெருமழையிலேயே மிதந்து கலங்கலை அடைத்துக்கொள்ளும். சொரசொரப்பாக நறுக்கிய மரக்கிளைகள் ஒன்றோடொன்று சிக்கி நிற்கும். இரண்டு மூன்று அங்குலம் போதும்.

மழைக்காலத்துக்கு முன் வண்டல் குழியை அள்ளி, கலங்கலின் கற்களை நிமிர்த்தி, கரையில் எலி வளை இருக்கிறதா என்று பார்ப்போம். பெருமழை விட்ட மறுநாள் காலை பள்ளத்தை ஒரு தடவை எட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. தண்ணீர் இன்னும் நின்றால் அடியில் மெல்லிய சேற்றுப் படலம் படிந்திருக்கிறது என்று அர்த்தம். காய்ந்தபின் தோட்ட முள்கரண்டியால் கீறிவிட்டால் மறுபடி குடிக்கும். பள்ளத்துக்குள் மிதிப்பதைத் தவிர்க்கப் பலகைக் கற்கள் போட்டிருக்கிறோம். மிதித்து இறுகிய மண்ணைத் திரும்பத் திறப்பது பெரும்பாடு.

மண்ணைச் சோதனைக்கு அனுப்பும்போது கரையிலிருந்து ஒரு மாதிரி, பள்ளத்தின் அடியிலிருந்து ஒரு மாதிரி, வாசல் வாய்க்காலிலிருந்து ஒரு மாதிரி என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். மூன்றையும் கலந்து ஒரே பையில் அனுப்பினால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. ஈயத்துக்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஜனவரியில் வீட்டு மண்ணுக்கான எச்சரிக்கை அளவை ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 200ஆகக் குறைத்தது. பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரோரம், பரபரப்பான சாலையோரம் மனை உள்ளவர்கள் பள்ளம் வெட்டும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. அந்த மண்ணைத்தான் கரையாகக் குவிக்கப் போகிறோம்.

மாடித் தண்ணீர்க் குழியில் அள்ளும் வண்டல் கொய்யாவின் தூருக்குப் போகிறது. வாசல் குழியில் அள்ளுவதும் அங்கே மாற்றும் பழைய மூடாக்கும் உரக்குழிக்குப் போகாது. சாக்கில் கட்டித் தனியாகக் குப்பையோடு அனுப்பிவிடுகிறோம். அந்தச் சாக்குக்கும் அந்த மண்வெட்டிக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறது.